நின்ற பக்கம்: பாம்பனில் 61 நாள் புத்தகம் கொடுத்துப் பார்த்த கதை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பாம்பனில் நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனிக்கு அந்த 61 நாளும் பஞ்ச காலம்தான். லோடு ஏற்ற வண்டி வராது. நாட்டுப்படகுக்காரர்கள் வந்து உடைத்த ஐஸ் கொஞ்சம் வாங்கிப் போவார்கள். மற்ற நேரமெல்லாம் எனக்கும் மின்விசிறிக்கும்தான் பேச்சு. என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. மேல்தட்டில் கம்பெனியின் பழைய ரசீதுகள், கீழ் மூன்று தட்டிலும் என்னுடைய நாவல்களும் தன்வரலாறுகளும். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார்.

இரவல் கொடுப்பது எனக்குப் பழைய பழக்கம். கொடுக்கும்போதே அரைமணி நேரம் புகழ்ந்துவிடுவேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பார்கள். விருந்துக்கு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? இந்தத் தடைக்காலத்தில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். ஐஸ் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பெயர், புத்தகம், தேதி என்று மூன்று கட்டம் கட்டி, நான்காவதாக "நின்ற பக்கம்" என்று எழுதினேன். புத்தகம் வாங்கிப்போனவரை வழியில் பார்த்தால் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் கேட்பது. பக்கத்தைச் சொல்லிவிட்டால், ஏன் அங்கே நின்றது என்பதையும் அவர்களே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதல் வாரம் முழுத் தோல்வி. கடற்கரை ஆட்களுக்குக் கடல் கதைதானே பிடிக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். விசைப்படகு ஓட்டும் ஒரு தம்பிக்கு ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு கொடுத்தேன். 2004இல் வந்த நாவல். ஆமந்துறை என்ற ஊரின் மூன்று தலைமுறைப் பரதவர் வாழ்க்கை. எனக்கு உயிரான புத்தகம். தம்பி 22ஆம் பக்கத்தில் நின்றுவிட்டான். "இது கட்டுமரத்து ஆட்களின் பேச்சு, அண்ணே. எங்கள் பேச்சு வேறு. இரண்டு வரிக்கு ஒரு முறை நிறுத்தி யாரிடமாவது அர்த்தம் கேட்க வேண்டியிருக்கிறது" என்றான். எல்லாக் கடலும் ஒன்று என்று நினைத்தது மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனின் நினைப்பு. பாம்பனிலேயே வடகடல், தென்கடல் என்று இரண்டு இருக்கிறது.

அதே வாரம் வாலிநோக்கத்தில் வாக்கப்பட்ட என் மதினிக்கு ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள் கொடுத்தனுப்பினேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளை நேரில் பார்த்துப் பழகி அவர் எழுதிய நாவல். மதினியும் சில காலம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். புத்தகம் நான்காம் நாளே திரும்பியது. "பகலெல்லாம் அதிலேயே நின்றேன், ராத்திரியும் அதையே படிக்கவா?" என்று கேட்டனுப்பியிருந்தார். நின்ற பக்கம்: அட்டை.

பிறகுதான் பெரியப்பா வந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, ஊர் முறை. எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. வத்தை என்னும் சிறு படகில் போய்த் தூண்டில் போட்டவர், இப்போது கரையில் உட்கார்ந்து மகனுடைய வலையின் கிழிசலைச் சரிசெய்கிறார். மனதுக்குள் படிக்க வராது. வாய்விட்டு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மெல்லிய புத்தகமாகக் கொடு என்று கேட்டார். ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் தமிழில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். முதல் வாரம் பட்ட அடியில் இந்த முறை புகழவில்லை. "84 நாளாக மீன்பாடு இல்லாத ஒரு கிழவன், 85ஆம் நாள் தனியாகப் போகிறான்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும் முன்பே வந்து நின்றார். படிக்கவில்லை, வழக்குத் தொடுத்திருந்தார். 84 நாள் மீன் படாதவனுக்கு எந்தச் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, முன்பணம் கொடுத்தான்? கூட வந்த பையனை நாற்பது நாளுக்குப் பிறகு அவன் வீட்டார் வேறு படகுக்கு அனுப்பினார்களாமே, அது நியாயம்தான், தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றார். கிழவனின் தூண்டிலில் மாட்டிய அவ்வளவு பெரிய மார்லின் மீனைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியமில்லை. "நம் பக்கத்து மயில்மீனுக்குச் சொந்தக்காரன்" என்றார். தினம் ஐந்தாறு பக்கம்; தினம் ஒரு குறுக்கு விசாரணை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கிழவன் பிடித்த சூரை மீனைப் பச்சையாகத் தின்னும் இடம் வந்தது. கொஞ்சம் உப்போ எலுமிச்சையோ இருந்தால் தேவலை என்று அவன் நினைக்கிறான். பெரியப்பா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டார். "கணக்கப்பிள்ளை, இவன் உண்மையில் கடலுக்குப் போனவனா? படகின் முன்பக்கத்து அணியப் பலகையில் கடல் தண்ணீரைத் தெளித்துவிட்டால் வெயிலுக்கு உப்புப் பூத்துவிடுமே! இதுகூடத் தெரியாதவன் எழுதிய புத்தகத்தையா எனக்குக் கொடுத்தாய்?"

நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் நான் செய்த அபூர்வமான நல்ல காரியங்களில் அது ஒன்று. ஏனென்றால் கொஞ்சப் பக்கம் தள்ளி, அந்தக் கிழவனே தன்னைத் திட்டிக்கொள்கிறான்: புத்தி இருந்திருந்தால் பகலெல்லாம் படகின் முன்பக்கத்தில் தண்ணீரைத் தெளித்து உப்பு எடுத்திருக்கலாமே என்று. இரண்டு நாள் கழித்து மாலையில் பெரியப்பா வந்தார். ஐஸ் தூள் கொட்டிக் கிடந்த திண்ணையில் உட்கார்ந்தார். அந்தப் பத்தியை எனக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, "தெரிந்திருக்கிறது. மறந்துவிட்டான். வயதாகிவிட்டதில்லையா?" என்றார். அன்றிலிருந்து கிழவன் மேல் வழக்கு எதுவும் இல்லை. சுறாக்கள் வந்து மீனைப் பிய்த்துத் தின்னும் பகுதியை இரண்டு நாள் படிக்காமல் தள்ளிப்போட்டார். கடைசிப் பக்கம் வரை போனார். நோட்டில் முதல் முறையாக "முடிந்தது" என்று எழுதினேன்.

அதே உற்சாகத்தில் செம்மீன். தகழி மலையாளத்தில் 1956இல் எழுதியது. தமிழில் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு. இதைச் சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் புத்தகம் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். பாறையில் பாசி பறிக்கும்போது கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிச் சுற்றித் தோல் தடித்திருக்கும். தாள் விரலில் ஒட்டாது. உள்ளங்கையால் தள்ளித்தான் பக்கம் திருப்புகிறார்.

நாவலில் ஒரு நம்பிக்கை அடியிலிருந்து முடிவு வரை ஓடுகிறது: கடலுக்குப் போன கணவனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது, அவள் தவறினால் கடலம்மா அவனை விழுங்கிவிடுவாள். கறுத்தம்மாவின் அம்மா மகளுக்கு இதைச் சொல்லும் இடத்திலேயே அக்கா நின்றுவிட்டார். அது புத்தகத்தின் தொடக்கம். சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

"நான் இறங்குகிறேன், என் மகள் இறங்குகிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூச்சுப் பிடித்து முங்குகிறோம். எங்களுக்காகக் கரையில் எந்த ஆம்பளை ஒழுக்கமாக இருக்கிறான் என்று இந்தப் புத்தகத்தில் எங்கேயாவது போட்டிருக்கிறதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். "அப்படியென்றால் முழுதும் படித்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன்" என்று திரும்பக் கொண்டுபோனார். பத்து நாளில் முடித்தார். கறுத்தம்மாவின் காதலன் பரீக்குட்டியை அவருக்குப் பிடிக்கவில்லை. கடன் கொடுத்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறவனை நம்பக் கூடாதாம். அவளைக் கட்டிக்கொண்ட பழனிமேல்தான் பரிதாபம். நான் இந்த நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். பழனியை ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. பிடிக்காத இடத்தில் நிற்பதும், அலுத்துப்போய் நிற்பதும் ஒன்றல்ல என்று நோட்டில் இரண்டு நிறப் பேனா வைத்துக்கொண்டது இதற்குப் பிறகுதான். கோபத்துக்குச் சிவப்பு.

இந்தத் தீவில் எல்லோரும் படித்துவிட்டதாகச் சொல்லும் புத்தகம் ஒன்று உண்டு. அப்துல் கலாமின் தன்வரலாறான அக்னிச் சிறகுகள். ஆங்கிலத்தில் 1999இல் வந்தது. இதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. எல்லா வீட்டிலும் இருக்கிறது. நின்ற பக்கத்தை மட்டும் விசாரித்துப் பார்த்தேன். ஏழு பேரில் ஐந்து பேர், கலாம் இராமேசுவரத்தை விட்டுப் படிக்கக் கிளம்பும் இடத்தோடு சரி. தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போக அப்பா கட்டிய படகு, புளியங்கொட்டை பொறுக்கி விற்ற காசு, உலகப்போர்க் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகள், இவையெல்லாம் ஒப்பிக்கிறார்கள். ராக்கெட் ஏறவில்லை. எனக்குப் பிடித்த பகுதியும் அந்த ஊர்ப் பகுதிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்றொருவர் வருகிறார். அவர் வீட்டில் இருந்த புத்தகங்களைச் சிறுவன் கலாம் இரவல் வாங்கிப் படித்தார். அவரும் திரும்பி வராத புத்தகங்களை நினைத்துத் தூக்கம் கெட்டிருப்பாரா என்று நான் நினைப்பதுண்டு.

ஓய்வுபெற்ற தமிழையா ஒருவருக்கு உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். தடித்த புத்தகம், ஆனால் 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்ததால் அத்தியாயங்கள் சின்னவை; ஒரு காபி நேரத்துக்கு ஒன்று. இதை நாவல் போலத் தொடர்ந்து படிக்காதீர்கள், பத்திரிகைபோல நாளுக்கு ஒன்றாகப் படியுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். ஐயா கேட்கவில்லை. ராத்திரி பகலாகப் படித்து 122ஆம் அத்தியாயத்தில் வந்து நின்றார். அதோடு புத்தகமே நின்றுவிடுகிறது. 1942இல் எழுதியவர் மறைந்துவிட்டார், மிச்சம் இல்லை. நான்காம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "அது அவர் நின்ற பக்கம், என்னுடையது இல்லை" என்று சொல்லிவிட்டு, சாமிநாதையரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரும் இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். புத்தகம் இன்னும் அவரிடம்தான்.

22ஆம் பக்கத்துத் தம்பியை விட மனம் வரவில்லை. அவனுக்கு இரண்டாவதாக ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. எழுதியவர் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிங்கம்புணரிக்காரர். பிழைக்கப் போனது இந்தோனேசியாவின் மெடானுக்கு. நாவல் வெளிவந்தது 1972இல். ஜப்பானியப் படை நுழைந்த காலத்து மெடானில் தொடங்குகிறது. அந்தத் தெருப் பெயர்களில் தடுக்கி விழுந்து எழாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த முறை ஒரு தப்புக் காரியம் செய்தேன். பினாங்குக்குப் போகும் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் இடத்தில் ஒரு தங்கூசி (தூண்டில் நரம்பு) துண்டை வைத்து, "இங்கிருந்து படி, முன்னால் இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்" என்று கொடுத்தேன். தமிழையாவுக்குத் தெரிந்தால் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். தம்பி அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான். "அண்ணே, இந்தப் பாண்டியன் யார்? எதற்காகப் பினாங்கு போகிறான்?" முதல் பக்கத்துக்குப் போ என்றேன். போனான். மெடான் தெருக்களில் இப்போது அவனுக்குத் தடுக்கவில்லை. ஜூன் 14 ராத்திரி படகு கிளம்பும்போது பாதிக்கு மேல் வந்திருந்தான். புத்தகத்தை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். நனைந்தால் வேறு வாங்கித் தர வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

படகுகள் போய்விட்டதால் இப்போது கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. பெரியப்பா மட்டும் வருகிறார். கடல் போதும், தண்ணீரே இல்லாத ஊர்க் கதையாகக் கொடு என்றார். கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் கொடுத்தேன். கரிசல் காடுதானே, தப்பித்தோம் என்று பார்த்தால் தொடக்கத்திலேயே ஒரு குளம். தண்ணீர் குடிக்கக் குனிந்த கர்ப்பிணியை நகைக்காக ஒரு திருடன் தண்ணீருக்குள் அமுக்குகிறான். சாகும்போது அவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விவிடுகிறாள், விடுவிக்க முடிவதில்லை. இது நடக்கிற காரியமா என்று பெரியப்பா விசாரணை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. முங்குகிறவர்களைத் தூக்கியிருக்கிறேன், அந்தப் பிடி இப்படித்தான் இருக்கும் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். வெளியே லோடு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் கையை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. 14ஆம் பக்கம் என்று இடது கையால்தான் எழுதினேன்.