வேல்ஸ் கிராமத்தில் மூதாதையரைத் தேடுவது: பெயரை விடுங்கள், வீட்டைப் பிடியுங்கள்

மேற்கு வேல்ஸின் கார்டிகன்ஷயர் போன்ற மலைப்பகுதிகளில் ஜான் ஜோன்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் எங்கும் போய்ச்சேர முடியாது. ஒரே பாரிஷில் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் அடங்கும் ஊர்ப்பகுதி), ஒரே வயதில், அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அங்கே ஓர் ஆளை அடையாளம் காட்டுவது அவர் குடியிருந்த பண்ணை வீட்டின் பெயர்தான்.

காரணம், தகப்பன் பெயரையே பின்னால் ஒட்டிக்கொள்ளும் வழக்கம். இனிஷியலோடு வாழ்கிற நமக்கு இது சட்டென்று புரியும். எவன் என்பவரின் மகன் ஜான் பதிவேட்டில் 'ஜான் எவன்'; ஜானின் மகன் டேவிட் 'டேவிட் ஜான்' அல்லது 'டேவிட் ஜோன்ஸ்'. நடுவில், மகன் என்று பொருள்படும் 'ஆப்' சேர்த்து எழுதியதும் உண்டு. ஆப் ஹவெல் பவல் ஆனதும், ஆப் ரீஸ் பிரைஸ் ஆனதும், ஆப் ஓவன் போவன் ஆனதும் இப்படித்தான். வசதியான குடும்பங்கள் சீக்கிரமே நிலையான குடும்பப் பெயருக்கு மாறிவிட்டன. கார்டிகன்ஷயரின் சின்னக் குத்தகைக்காரர்களிடம் பழைய வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரைகூட நீடித்தது. அதனால் கூடப்பிறந்த அண்ணன் ஜோன்ஸ், தம்பி எவன்ஸ் என்று இருந்தாலும் பதிவு தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். கல்யாணமான பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே அடக்கப் பதிவேட்டில் இருப்பதும் சகஜம்.

ஆரம்பிக்க வேண்டியது பின்னாலிருந்து. 1921, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தொடங்கி, பத்துப் பத்து வருடமாக 1851 வரை இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் வீட்டின் பெயரையும் பிறந்த பாரிஷையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1841இல் மட்டும் கவனம்: 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 என்றிருப்பார். யாருக்கு யார் என்ன உறவு என்றும் அதில் இருக்காது. பிறந்த இடமாகப் பெரும்பாலும் அதே கவுண்டியா (மாவட்டம் போன்றது) இல்லையா என்பது மட்டுமே. அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கினாலும், பதியாவிட்டால் அபராதம் என்று கெடுபிடி வந்தது 1875இல்தான். ஆக, அதற்கு முந்தைய குழந்தைகள் சிலர் விடுபட்டிருக்கலாம்.

வீட்டுப் பெயர் கிடைத்ததும் நேராகத் தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்குச் செலுத்திய வரி) வரைபடத்துக்குப் போங்கள். 1836 சட்டத்தின்படி பாரிஷ் பாரிஷாக வரையப்பட்டவை இவை. கூடவே ஓர் அட்டவணை இருக்கும்: நிலச் சொந்தக்காரர், குத்தகைக்காரர், வயலின் எண், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா, பரப்பளவு. பரப்பளவு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் வரும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். வேல்ஸ் தேசிய நூலகம் இவற்றை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. இதில் நமக்கு வேண்டியது இரண்டு: அந்தப் பண்ணை எந்த பாரிஷின் எந்த ஓரத்தில் இருந்தது, நிலம் யாருடையது. ஓரத்தில் இருந்தால் குடும்பம் பக்கத்து பாரிஷ் கோயிலுக்குப் போயிருக்கலாம். மலை பாரிஷ்கள் அவ்வளவு பெரியவை. நிலம் நான்டியோஸ், கோகெர்தன், டிராஸ்கோட் போன்ற பெரிய எஸ்டேட்டுடையது என்றால் யோகம்தான். அவற்றின் குத்தகைக் கணக்குகளும் ஒப்பந்தங்களும் அபெரிஸ்ட்வித்தில் அதே நூலகத்தில் இருக்கின்றன. பழைய ஒப்பந்தங்கள் பல 'மூன்று ஆயுள்' குத்தகைகள்: குத்தகைக்காரர், மனைவி, மகன் என்று மூன்று பேரைச் சொல்லி, அவர்களில் கடைசி ஆள் சாகும்வரை நிலம் அவர்களுக்கு. பதிவேடு தராத உறவை இந்த ஒரே தாள் தந்துவிடும்.

பிறகு பாரிஷ் பதிவேடு. 1813 ஜனவரிக்குப் பிந்தையவை அச்சடித்த படிவங்கள், பக்கத்துக்கு எட்டு ஞானஸ்நானம். பெற்றோர் பெயர், குடியிருப்பு, தொழில் என்று தனித்தனிப் பத்தி. குடியிருப்புப் பத்தியில் பண்ணையின் பெயர் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஒரே பெயரில் மேல் பண்ணை 'உக்கா', கீழ்ப் பண்ணை 'இசா' என்று இரண்டு இருக்கும். எழுதியவர் அந்த ஒட்டை விட்டுவிட்டால் இரண்டு குடும்பங்கள் ஒன்றாகக் குழம்பும். 1813க்கு முன்னால் பல இடங்களில் 'ஜான் டேவிடின் மகள் மேரி' என்ற ஒற்றை வரியோடு சரி. தாயின் பெயர்கூட இல்லாமல் போகலாம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பொருந்துகிற ஒரு ஞானஸ்நானம் கண்ணில் பட்டதும் அதையே குடும்ப மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். கணக்கெடுப்பு சொல்லும் வயதுக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடம் எடுத்து, அந்த பாரிஷிலும் சுற்றியுள்ளவற்றிலும் அதே பெயருள்ள எல்லாக் குழந்தைகளையும் எழுதுங்கள். அடக்கப் பதிவேட்டை வைத்து, சிறுவயதில் இறந்தவர்களை அடித்துக்கொண்டே வாருங்கள். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்ததற்கு வைப்பது வழக்கம் என்பதால், இதைச் செய்யாதவர்கள் செத்த அண்ணனுக்குப் பேரப்பிள்ளைகளைக் கொடுத்துவிடுகிறார்கள்.

1754 மார்ச்சுக்குப் பிந்தைய கல்யாணப் பதிவுகளில் கையெழுத்தும் சாட்சிகளும் உண்டு. குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணந்தாக வேண்டும் என்று 1837 வரை சட்டம் இருந்ததால், சேப்பல்காரர்களும் (ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேராமல் தனிக்கூடங்களில் வழிபட்ட கிறிஸ்தவர்கள்) இதில் அகப்படுவார்கள். ஒரே பெயருடைய இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட, இன்னொருவர் பெருக்கல் குறி போட்டிருந்தால் பிரித்துவிடலாம். அந்தக் கையெழுத்தை உயிலோடு உள்ள பத்திரத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். 1858 வரை உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டவை. அவையும் தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசம்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25. பெற்றோருக்கு 1735 மே மாதம் கல்யாணம், பிள்ளைக்கு 1735 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்றால் ஊர்வம்பு எதுவும் இல்லை. நம் கணக்கில் அது 1736 பிப்ரவரி.

பதிவேட்டில் பக்கமே இல்லையா? வருடாவருடம் பிஷப்புக்கு அனுப்பிய நகலைப் பாருங்கள். வேல்ஸில் பெரும்பாலும் 1660க்குப் பிந்தையவைதான் மிஞ்சியிருக்கின்றன. மூலம் இருந்தாலும் நகலையும் பார்ப்பது நல்லது. ஒன்றில் விட்ட பண்ணைப் பெயர் மற்றதில் இருக்கும்.

ஞானஸ்நானமே கிடைக்கவில்லை என்றால் சேப்பலைச் சந்தேகிக்கலாம். கால்வினிய மெதடிஸ்டுகள் 1811இல்தான் ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து பிரிந்தார்கள். அதற்கு முன் அவர்களுடைய பிள்ளைகள் பாரிஷ் பதிவேட்டிலேயே கிடைப்பார்கள். பாப்டிஸ்டுகளிடம் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது, தேடிப் பயனில்லை. 1837க்கு முந்தைய சேப்பல் பதிவேடுகள் பலவும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. சேப்பல் இடுகாட்டுக் கல்லில் 'ஏர் கோவ் அம்' என்று தொடங்கினால் நினைவாக என்று பொருள். இறந்தவரின் பெயருக்கு அடுத்து, பெரும்பாலும், பண்ணையின் பெயர் இருக்கும்.

குடும்பமே திடீரென்று காணாமல் போனால், தெற்கே கிளமோர்கன் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளையும் லண்டன் பால் கடைகளையும் பாருங்கள். கார்டிகன்ஷயர்க்காரர்கள் இரண்டுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1851 முதல் கணக்கெடுப்பில் பிறந்த பாரிஷைக் கேட்டிருக்கிறார்கள் என்பதால், லண்டன் தெருவிலிருந்தே ஊரைப் பிடித்துவிடலாம். 'கார்டிகன்ஷயர்' என்று கவுண்டியோடு நிறுத்தியிருந்தால், அதே வீட்டில் தங்கி வேலை பார்த்த பணிப்பெண்ணின் பிறந்த ஊரைப் பாருங்கள். ஆட்களைச் சொந்த ஊரிலிருந்தே வரவழைத்துக்கொண்டார்கள்.