கரண்ட் போனாலும் பவளத் தொட்டி ஓட வேண்டும்: 12 வோல்ட் பேக்கப் செய்து பார்த்தது

முதலில் தொட்டியைப் பற்றி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே சம்ப், அதாவது மேல் தொட்டியிலிருந்து வடியும் நீர் வந்து சேரும் இரண்டாவது தொட்டி. பாறைகள் அடைக்கும் இடம் போக மொத்தம் சுமார் 200 லிட்டர் கடல்நீர். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீன், ஒரு கிளீனர் இறால். பவளங்களில் சோவாந்திட், மஷ்ரூம், லெதர் என்று மென்பவளங்கள் மட்டும்தான். (கடின பவளங்கள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. “ஒரு துண்டு இருக்கு சார், வேணுமா?” என்று யாராவது காதோடு கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.)

இருப்பது தென்சென்னை. எங்களுக்குக் கரண்ட் கட் இரண்டு வகை. ஒன்று, முன்கூட்டியே அறிவித்துக் காலை முதல் பிற்பகல் வரை போகும் பராமரிப்புத் தடை. இன்னொன்று புயல். 2016 வர்தாவிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் இந்தப் பக்கம் பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. பவளத் தொட்டி வைத்திருப்பவர் இந்த இரண்டையும் ஒரே பிரச்சினையாகப் பார்த்தால் தீர்வு கிடைக்காது என்பதுதான் நான் கண்டது. புயலில் வெயில் இல்லை, அறை 26 டிகிரியில் இருக்கும். அங்கே தேவை நீடித்து ஓடும் சிறிய மின்சாரம். மே மாதத்துப் பகல் கட் ஐந்து மணி நேரம்தான் என்றாலும், அந்த ஐந்து மணி நேரத்தில் அறை 35 டிகிரியைத் தாண்டும்.

“வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதில் தொட்டியையும் மாட்டினால் ஆயிற்று” என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் 40 வாட், நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் 15, தொட்டிக்குள் நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் 18, நீரைக் குளிர்விக்கும் சில்லர் 180. விளக்கை விட்டுவிட்டாலும் 250 வாட்டுக்கு மேல். இதோடு இரண்டு சீலிங் ஃபேன், இரண்டு டியூப் லைட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட்-மணி. முழுவதும் இறக்க முடியாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கையில் கிடைப்பது மூன்று மணி நேரம்கூட இல்லை. சில்லரின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் இன்னொரு தலைவலி. சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் ஏசி பம்புகள் உறுமிக்கொண்டே சூடாகும். ஆக இன்வெர்ட்டர் வழியை அப்போதே மூடிவிட்டேன்.

பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: கரண்ட் போனால் தொட்டியில் முதலில் எது சாகும், எதனால்? விளக்கு இல்லாமல் மென்பவளம் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஸ்கிம்மர் இல்லாமல் ஒரு வாரம்கூடப் போகும், தீனியை நிறுத்தினால் போதும். தாங்காதது ஆக்சிஜன். 27 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் பிடித்து வைக்கும், கடல்நீரில் 6.5தான். இரவில் பவளமும் பாசியும் பாறையிலுள்ள பாக்டீரியாவும் மீனும் எல்லாமே ஆக்சிஜனை எடுக்கும், கொடுப்பவர் யாரும் இல்லை. நீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வரும். அந்த அசைவுக்கு வேவ்மேக்கர் ஒன்று மெதுவாக ஓடினாலே போதும்.

என் வேவ்மேக்கர் 24 வோல்ட் டிசி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பூஸ்ட் கன்வெர்ட்டர் வைத்து 24 ஆக்கலாம் என்பது முதல் திட்டம். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி வந்து மேசையில் ஓட்டினேன். ஓடியது, ஆனால் முழு வேகத்தில், 18 வாட். பேட்டரியில் இருக்கும்போது எனக்கு முழு வேகம் எதற்கு? சும்மா ஒரு சோதனைக்காக அதே பம்பை நேராக 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினேன். அழகாக மெதுவாக ஓடியது. மீட்டரில் 5 வாட். பம்பின் வேகம் பாதியானால் அது எடுக்கும் மின்சாரம் பாதியாவதில்லை, அதைவிடப் பல மடங்கு குறையும் என்பது புத்தகத்தில் படித்தது. கண்ணெதிரே மீட்டரில் பார்ப்பது தனிச் சுகம். பூஸ்ட் கன்வெர்ட்டர் டப்பாவுக்குள் போய்விட்டது. எல்லா டிசி பம்பும் 12 வோல்ட்டில் ஓடாது, சிலவற்றின் கன்ட்ரோலர் பிழை காட்டும். உங்களுடையதை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரிக்கு மாற்றும் சுவிட்ச் வேண்டுமே? ரிலே வைக்கலாம். நான் வைத்தது மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு இரண்டு: ஷாட்கி வகை, 1என்5822, 3 ஆம்பியர் தாங்கும் ரகம். அடாப்டரின் 24 வோல்ட் பாசிட்டிவ் ஒரு டயோடு வழியாகவும், பேட்டரியின் பாசிட்டிவ் இன்னொரு டயோடு வழியாகவும் வந்து ஒரே இடத்தில் சேர்ந்து பம்புக்குப் போகின்றன. நெகட்டிவ் இரண்டுக்கும் பொது. கரண்ட் இருக்கும்போது 24 வோல்ட்தான் பெரியது, அதனால் பேட்டரி பக்கத்து டயோடு மூடியிருக்கும், பேட்டரி சும்மா இருக்கும். கரண்ட் போன நொடியில் பேட்டரியிலிருந்து பாயத் தொடங்கும், பம்ப் தானாக மெதுவாகும். நடுவில் நிற்பதே இல்லை. அசையும் உறுப்பு எதுவும் கிடையாது என்பதால் உப்புக் காற்றில் ரிலேயின் காண்டாக்ட் துருப்பிடிக்கும் கவலையும் இல்லை. ஒரே எச்சரிக்கை: பேட்டரி பக்கத்து டயோடைத் திருப்பி மாட்டினாலோ விட்டுவிட்டாலோ 24 வோல்ட் நேராக 12 வோல்ட் பேட்டரிக்குள் ஏறும். இணைக்கும் முன் மல்டிமீட்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன். அதைப் போடாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பேட்டரி 12.8 வோல்ட் 50 ஆம்பியர்-மணி, லித்தியம் இரும்பு பாஸ்பேட், உள்ளேயே பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளது. எப்போதும் சார்ஜரில் இருக்கப்போகும் பேட்டரி என்பதால் முழு சார்ஜுக்கான 14.6 வோல்ட்டில் பிடித்து வைக்காமல் 13.6இல் நிறுத்தியிருக்கிறேன். கொஞ்சம் கொள்ளளவு குறையும், ஆயுள் கூடும்.

இரண்டாவதாக ஒரு சின்ன 5 வோல்ட் ஏர் பம்ப், 3 வாட். காற்றைக் குமிழாக்கும் ஏர்ஸ்டோனைத் தொட்டியில் போடாமல் சம்ப்பில் போட்டேன். ரிட்டர்ன் நின்றதும் சம்ப் தனியாகிவிடுகிறது. அங்கே தேங்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து நாற்றமெடுத்தால், கரண்ட் வந்ததும் அந்த நீர்தான் முதலில் மேலே ஏறும். சம்ப்பில் குமிழ் விட்டால் உப்புத் தெறிப்பும் உள்ளேயே அடங்கும்.

இவ்வளவையும் மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி தானாகக் கட் ஆகும் வரை ஓட விட்டேன். 60 மணி நேரத்தைத் தாண்டியது. கணக்குப்படி 65க்கு மேல் வர வேண்டும், பரவாயில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கவில்லை. மஷ்ரூம் மட்டும் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

அப்புறம் வெயில். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துப் போடுவதுதான் பலரும் செய்வது. ஒரு லிட்டர் ஐஸ் முழுவதும் உருகினாலும் 200 லிட்டர் நீரில் குறைவது அரை டிகிரி. அதே ஒரு லிட்டர் நீர் மேற்பரப்பிலிருந்து ஆவியானால் கிட்டத்தட்ட 3 டிகிரிக்கான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். அதனால் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைத் தொட்டியின் விளிம்பில் சாய்வாக மாட்டி, டபிள்யூ1209 என்ற சின்ன தெர்மோஸ்டாட் பலகை வழியாக அதே பேட்டரியில் இணைத்தேன். 28 டிகிரியைத் தாண்டினால் சுழலும், 27.5இல் நிற்கும். இரண்டும் சேர்ந்து 5 வாட். “மனுஷனுக்கு ஃபேன் இல்ல, மீனுக்கு ரெண்டு ஃபேனா?” என்றார் அம்மா. கேட்டதில் நியாயம் இருக்கிறது.

மே மாதத்துப் பராமரிப்புத் தடை ஒன்றில் இதைப் பார்த்தேன். தடை முடியும்போது அறை 36, தொட்டி 29.2. ஃபேன் இல்லாத முந்தைய தடையில் 31ஐத் தொட்டிருந்தது. கடற்காற்று ஏறி ஈரப்பதம் கூடும் பிற்பகலில் ஆவியாதல் மந்தமாகிறது, அதற்கு மேல் இந்த முறையில் இறக்க முடியாது. ஆவியான அளவுக்கு ஆர்ஓ நீர் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஃபேன்களின் ஆயுள் குறைவுதான், உப்பு தின்றுவிடும். ஒரு ஜோடி உபரியாக வைத்திருக்கிறேன்.

கரண்ட் திரும்பி வரும் நேரத்துக்கும் கொஞ்சம் வேலை உண்டு. ரிட்டர்ன் நின்றதும் அதன் வாய் மட்டம் வரை மேலிருந்து நீர் கீழே வடியும். என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 4 லிட்டருக்கு மேல். சம்ப்பில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். ஒருவழி வால்வை நம்பாதீர்கள், ஒரு நத்தை உட்கார்ந்தால் போதும். கரண்ட் வந்ததும் சம்ப் மட்டம் உயர்ந்தே இருக்கும்போது ஸ்கிம்மர் கிளம்பினால் அதன் அழுக்குக் கோப்பை பொங்கி வழியும். அதற்கு, கரண்ட் வந்து 10 நிமிடம் கழித்தே இணைப்பு தரும் ஆன்-டிலே டைமர் ஒன்று. சில்லருக்கும் தனியாக ஒன்று.

மின்தடை இல்லாத மின்தடையும் உண்டு: மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ட்ரிப் ஆவது. வீடு முழுக்க விளக்கு எரியும், தொட்டி மட்டும் இருட்டாக இருக்கும், யாருக்கும் தெரியாது. டயோடு அமைப்பு இதையும் பார்த்துக்கொள்கிறது, ஆனால் எனக்குச் செய்தி வர வேண்டுமே. தொட்டியின் பிளக்கிலேயே ஒரு வைஃபை பிளக் மாட்டி, அது ஆஃப்லைன் ஆனால் போனுக்கு அறிவிப்பு வரும்படி வைக்கும் வேலை இப்போது ஓடுகிறது. ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கியாயிற்று. பால்கனியில் ஒரு 50 வாட் சோலார் பேனல் வைத்துப் பேட்டரியோடு சேர்ப்பது மழைக்காலத்துக்கு முன் முடிய வேண்டும்.