டிக்கி ஒரு பக்கம் சாய்ந்தால் லாக்கை மாற்றாதீர்கள், முதலில் ஸ்ட்ரைக்கரைக் கழற்றுங்கள்

என் செடானின் டிக்கி கொஞ்ச நாளாகவே ஓங்கி அடித்தால்தான் பூட்டிக்கொண்டிருந்தது. மூடிய பிறகு பார்த்தால் இடது பக்கம் இடைவெளி 3 மில்லிமீட்டர், வலது பக்கம் 6. மழை பெய்தால் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் வேறு. காட்டிய வொர்க்ஷாப்பில் மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "லாக் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார்கள். லாக் போனால் பூட்டாது, சரி, ஆனால் மூடி ஏன் ஒரு பக்கமாக நகர வேண்டும்? அதனால் நானே இறங்கிவிட்டேன்.

மூடியில் இருக்கும் லாக் கவ்விப் பிடிக்க, கீழே பாடியில் வளைந்த கம்பி ஒன்று இருக்குமே, ஸ்ட்ரைக்கர், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினேன். அது இல்லாதபோது மூடியை மெதுவாக இறக்கிக் கையால் லேசாக அழுத்தினால், கீல் எங்கே வைக்கிறதோ அங்கேதான் அது உட்காரும். என் வண்டியில் இடது பக்கம் கிட்டத்தட்ட உரசவே செய்தது. அதாவது ஸ்ட்ரைக்கர்தான் இத்தனை நாளும் மூடியை வலுக்கட்டாயமாக இழுத்துப் பிடித்திருக்கிறது, ஓங்கி அடிக்க வேண்டியிருந்ததும் அதனால்தான். புது லாக் போட்டிருந்தாலும் கதை இதேதான்.

அப்புறம் மூடியைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தேன். கீலின் பின் தேய்ந்திருந்தால் அங்கே ஆட்டம் தெரியும், எனக்கு இல்லை. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்ததும் இடது கீலின் போல்ட் பக்கத்தில் பெயின்ட் வெடித்து, நகக்கண் அளவுக்குப் பிறை வடிவில் வெறும் இரும்பு பளபளத்தது. போல்ட் தளர்ந்து கீல் நகர்ந்த தடம் அது. வலது பக்கம் பெயின்ட் அப்படியே முழுசாக இருந்தது.

பின்னாலிருந்து இடிபட்ட வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: டிக்கி வாயின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் வைத்து அளக்கணும். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் பாடியே கோணியிருக்கிறது, கீலோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை, டிங்கரிங் வேலைதான். எனக்கு ஒத்துப்போனது.

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை, ஆனால் ஒரு ஆள் துணை வேண்டும். ஃபெண்டர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்த மட்டும் செய்து, மூடியைத் துளி நகர்த்தி, இறுக்கி, மூடிப் பார்த்து, மறுபடி தளர்த்தி... பொறுமை போகிற வேலை. இரு பக்கமும் சமமான பிறகுதான் ஸ்ட்ரைக்கரை அரை இறுக்கத்தில் போட்டு, மெதுவாக மூடித் திறந்து அதுவே தன் இடத்தைத் தேடிக்கொள்ள விட்டு, முழுசாக இறுக்கினேன்.

தண்ணீருக்குத் தனிச் சோதனை. டிக்கி வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் மேல் காகிதத் துண்டு வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்தது, ஒரு மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ரப்பர் நசுங்கித் தட்டையாகியிருந்ததால் பீடிங்கையும் மாற்றினேன்.

சில செடான்களில் மூடியைத் தூக்க, வாயு அடைத்த தண்டான கேஸ் ஸ்ட்ரட்டுக்குப் பதில் முறுக்கிய கம்பிகள் குறுக்கே போகும். அவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள், விடுபட்டால் விரல் போய்விடும்.