காய்ச்சல் விட்டாச்சு, கண்ணு இன்னும் சரியாகல

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்திருக்கும் இந்தத் தொல்லையை விளக்குவதே பெரும்பாடு. கண் பரிசோதனையில் 6/6, அதாவது பார்வை இயல்பு என்கிறார்கள். பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுகிறேன். ஆனால் புத்தகத்தில் நாலு பத்தி தாண்டினால் எழுத்து இரண்டாகப் பிரிகிறது, நெற்றி விண்விண்ணென்று தெறிக்கிறது.

அந்தப் பலகை தூரப்பார்வையின் கூர்மையைத்தான் அளக்கும். கிட்டத்தில் படிக்க இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்பணும், லென்ஸும் ஃபோகஸ் மாற்றணும். நோய்க்குப் பிறகு சிலருக்கு இந்த ஒத்துழைப்பு தளர்ந்துபோகிறது. இதற்கு இருகண் பார்வைப் பரிசோதனை தனியாக உண்டு. நாமாகக் கேட்டால்தான் செய்கிறார்கள்!

அதைவிடக் கொடுமை கூட்டம். அடுக்கடுக்காய்ப் பொருள் நிறைந்த இடத்தில் நடந்தால் தரையே நகர்கிறது. உட்காதின் சமநிலைத் தகவலைவிட மூளை கண்ணையே அதிகம் நம்பத் தொடங்கினால் இப்படி ஆகும்.

போனில் அசைவுகளைக் குறைத்து, வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிட்டேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 வினாடி பார்க்கிறேன். வீட்டுக்குள் கருப்புக் கண்ணாடி போடுவதில்லை; கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் வெளிச்சம் இன்னும் கூசும்.

திடீரென்று பார்வை மங்கினாலோ, புதிதாக இரட்டையாகத் தெரிந்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ சமாளித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு நீளமாக எழுதாமல் குரல் பதிவு அனுப்புங்கள். மின்னி மின்னி அணையும் காலை வணக்கப் படங்களைத் தயவுசெய்து வேறு யாருக்காவது அனுப்புங்கள். பெரியப்பா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.