கணப்படுப்பும் பறவை நூலும் ஒரே ஏலத்தில்

பிரிட்டனிலோ அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலோ ஒரு பழைய மாளிகையின் உடைமைகள் மொத்தமாக ஏலத்துக்கு வரும்போது, அறைக்குச் சூடளிக்கும் கணப்படுப்பின் சாமான்களும் அரிய இயற்கை வரலாற்று நூல்களும் ஒரே விற்பனைப் பட்டியலில் இடம்பெறுவது உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், பல வீடுகளில் இவை ஒரே நூலக அறையில் தலைமுறை தலைமுறையாக எதிரெதிரே இருந்தவை. அங்கே எரிந்த தீ இரண்டின்மீதும் தன் தடயத்தைப் பதித்திருக்கிறது. அதே தடயம் இரும்பில் இருந்தால் மதிப்பைக் காக்கிறது, காகிதத்தில் இருந்தால் அழிக்கிறது. இத்தகைய பட்டியல்களை வாங்கும் எண்ணமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும் எனக்கு, விலைகளைவிட இந்த முரண்தான் சுவையாக இருக்கிறது.

விறகு எரிக்கும் கணப்பில் கட்டைகளைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, அடியில் காற்று புக இடம் விடுபவை ஆண்டயர்ன் எனப்படும் இணைத் தாங்கிகள். முன்னால் பார்வைக்காக ஒரு பித்தளைத் தூண்; பின்னால் கட்டையைச் சுமக்க ஓர் இரும்புச் சட்டம். இவற்றோடு தீக்கோல், இடுக்கி, சாம்பல் அள்ளும் கரண்டி, துருத்தி, தெறிக்கும் தணலை மறிக்கும் தாழ்வான தடுப்பு ஆகியவையும் சேர்ந்துவரும். நிலக்கரி பரவியபோது இங்கிலாந்தின் நகர வீடுகளில் ஆண்டயர்னின் இடத்தைக் கம்பி அடுப்புகள் பிடித்துக்கொண்டன; விறகு தாராளமாகக் கிடைத்த அமெரிக்காவிலோ அது மேலும் நெடுநாள் பயன்பாட்டில் இருந்தது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்து சீனாவில் உருவாக்கப்பட்ட பாக்டாங் என்னும் வெண்ணிற உலோகத்தில் 18ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட அடுப்புகளும் தடுப்புகளும் வெள்ளியைப் போலவே மின்னுவதால், அவற்றுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

பட்டியலில் வரும் ஒளிப்படம் எப்போதும் பித்தளைத் தூணையே காட்டும். பொருளை அறிந்தவர் அதைத் திருப்பிப் பின்புறச் சட்டத்தைப் பார்ப்பார். உண்மையாகவே நூறாண்டுக்கு மேல் தீயில் கிடந்த இரும்பு, கட்டை அமரும் நடுப்பகுதியில் மெலிந்தும், ஏடு ஏடாகச் செதில் உரிந்தும், சில இடங்களில் கீழ்நோக்கி வளைந்தும் இருக்கும். தூண் தேய்ந்து மழுங்கியிருக்கச் சட்டம் மட்டும் நேராகவும் தடிமனாகவும் இருந்தால், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்றோ, தூணே செயற்கையாகத் தேய்க்கப்பட்டது என்றோ ஐயுறுவதில் தவறில்லை. 18ஆம் நூற்றாண்டின் பித்தளைத் தூண்கள் பல, இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டுப் பின்னர் பற்றவைக்கப்பட்டவை. மூச்சுக்காற்றை ஊதினால் படியும் ஈரத்தில் அந்த இணைப்புக் கோடு சில வேளைகளில் மங்கலாகத் தெரியும். 1876இல் அமெரிக்கா தன் விடுதலையின் நூறாண்டைக் கொண்டாடியதை ஒட்டிக் குடியேற்றக் காலப் பொருள்கள்மீது பெரும் மோகம் எழுந்து, அப்பாணியில் புதிய ஆண்டயர்ன்கள் ஏராளமாக வார்க்கப்பட்டதால், இந்தக் கோட்டைத் தேடுவது வீண் வேலை அல்ல. இணையில் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தால் விலை பாதியாகக் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது; பாதிக்கும் வெகு கீழே போய்விடும்.

கணப்பின் பின்சுவரைக் காக்கும் வார்ப்பிரும்புத் தகடுகளில் மிகவும் புகழ்பெற்றது, தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிரீட் உலையில் இரும்பு வார்த்த ரிச்சர்ட் லெனார்ட் 1636ஆம் ஆண்டிட்டு, தன் உருவத்தையும் தொழிற்கருவிகளையும் பொறித்து வார்த்த தகடு. இத்தகைய தகடுகளைப் படியெடுப்பது மிக எளிது; பழைய தகட்டையே மணலில் அழுத்தி அச்செடுத்தால் போதும். ஆயினும் உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், படி எப்போதும் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும் எழுத்தின் விளிம்புகள் மழுங்கியும் அமையும். அளவுகோலை எடுத்துச் செல்பவரை ஏமாற்றுவது கடினம்.

நூல்களுக்கு வருவோம். ஏல உலகில் இத்துறையின் உச்சம் பறவை ஓவியர் ஆடுபானின் அமெரிக்கப் பறவைகள் நூல்தான். 1827 முதல் 1838 வரை சந்தாதாரர்களுக்கு ஐந்தைந்து படங்களாக, 87 தவணைகளில் அனுப்பப்பட்ட 435 படத்தாள்கள் அதில் உள்ளன. பறவைகளை இயற்கையான அளவிலேயே காட்ட வேண்டும் என்று ஆடுபான் பிடிவாதமாக இருந்ததால், தாளின் உயரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். முதல் பத்துப் படங்களை எடின்பரோவில் லைசார்ஸ் செப்புத் தகட்டில் செதுக்கினார்; அங்கே வண்ணந்தீட்டுவோர் வேலைநிறுத்தம் செய்ததால் பணி லண்டனில் இருந்த ஹேவலுக்கு மாறியது. முழுமையான தொகுதிகளாக இன்று அறியப்படுபவை ஏறத்தாழ 120 மட்டுமே. 2010 டிசம்பரில் லண்டன் சாதபிஸ் ஏலத்தில் ஒரு தொகுதி 73 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.

செப்புத் தகட்டிலிருந்து அச்சான படத்தைச் சுற்றி, தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். ஆடுபானின் தாள்களை வெளிச்சத்தில் பிடித்தால் வாட்மன் காகித ஆலையின் நீர்க்குறியும் ஆண்டும் தெரியும். கையால் தீட்டிய வண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். உருப்பெருக்கியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சு.

தீயின் பகை வெளிப்படும் இடமும் இதுவே. அக்கால ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை, காற்றில் கலந்த கந்தகச் சேர்மம் பட்டால் கரிய ஈய சல்பைடாக மாறிவிடும். வெண்ணிற இறகு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டு நிற்கும். நிலக்கரிப் புகையின் கந்தக டையாக்சைடைத் தோலட்டை உறிஞ்சி நாளடைவில் அமிலமாக்கிக்கொள்ள, முதுகுத் தோல் செந்தூளாக உதிர்ந்து கையில் ஒட்டும். கணப்பின் வெப்பத்தில் ஈரம் வற்றிய தோல், அட்டை மடியும் கீல்களில் வெடிக்கும். அறையை இதமாக வைத்திருந்த அதே அடுப்பு, எதிரே இருந்த அலமாரியைச் சத்தமின்றித் தின்றுகொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் புகையைவிடக் கொடியது வணிகரின் கத்தி என்பது என் கருத்து. படங்களைத் தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதற்காகவே எத்தனையோ நூல்கள் பிரிக்கப்பட்டன. 1795இல் லண்டனில் வெளிவரத் தொடங்கிய, தாவரவியலாளர் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் நூலில் 300 படங்கள் இருக்க வேண்டும். அவற்றின் மூல ஓவியங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். இதிலிருந்து பிரிந்த ஒற்றைத் தாள் ஒன்று சட்டகத்தில் தொங்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் செடியை விவரிக்கும் பக்கமும் அடுத்த படமும் எந்த ஊருக்குப் போயின என்பதை இனி யாரும் கண்டறிய முடியாது.

ஏலம் கேட்க நினைப்பவர் சுத்தியல் விழும் விலைக்கு மேல், பல நிறுவனங்களில் கால் பங்கு அளவுக்குக்கூட எட்டும் வாங்குவோர் கட்டணமும் செலுத்த வேண்டியிருக்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். குறைகளோடு உள்ளபடியே விற்கப்படும், திரும்பப் பெறப்படாது என்ற குறிப்பு நூலின் விவரணையில் இருந்தால், படங்கள் எண்ணிப் பார்க்கப்படவில்லை என்றே கொள்வது நல்லது. ஏலத்துக்கு முன், பொருளின் குறைநிறைகளைச் சொல்லும் நிலையறிக்கை கேட்டு ஏல நிறுவனத்துக்கு எழுதுவது வழக்கமான நடைமுறை. அவ்வாறு எழுதும்போது ஆண்டயர்னின் பின்சட்டத்தையும், நூலின் முதுகையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் சில படத்தாள்களையும் ஒளிப்படம் எடுத்து அனுப்பும்படி கேட்கலாம்.