தொழில் வரியும் ஒரு நாற்காலியும்

லாங் பஜார் டீக்கடையில் இன்று முழுக்க தொழில் வரிப் பேச்சுதான். "மாநகராட்சி ஏத்திக்கிட்டே போகும்பா" என்றார் பாத்திரக்கடை அண்ணன். அப்படி இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 1988இல் வைத்த தொகை, இன்னும் மாறவில்லை.

சரி, கடைப் பையன் சம்பளம்? வேலூரின் 60 வார்டு கவுன்சிலர்களும் கூடி விடிய விடியப் பேசினாலும் அது அவர்கள் கையில் இல்லை. குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிப்பது மாநில அரசு.

"அப்போ நாம யார்கிட்ட சண்டை போடுறது?" என்றார். (அவருக்குச் சண்டைதான் முக்கியம்.)

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் வந்ததே, நாற்காலி போட்டீங்களாண்ணே என்று கேட்டேன்.

"டீ ஆறுது, குடிப்பா."