வைராலஜி அரியரை ஒரு வடிகட்டியை வைத்துத் தாண்டினேன்

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. வைராலஜி (வைரஸ்களைப் பற்றிய பாடம்) 75-க்கு 58. முதல் தடவை 31. பாஸ் மார்க் 38. எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜியில் எனக்கு விழுந்த ஒரே அரியர் இது. முந்தின ராத்திரி மட்டும் புரட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் முதல் தடவையே பாஸ். அந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை, அங்கங்கே எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வித்தாள் பேட்டர்ன், யூனிட் பிரிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேசப் போவது பெரும்பாலும் முதல் யூனிட்டைப் பற்றி: வைரஸ் கண்டுபிடிப்பு வரலாறு, பொதுப் பண்புகள், வகைப்பாடு. "அது கதைதானே, கடைசி நாள் பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் ஒதுக்கி வைக்கிற யூனிட். நான் குப்புற விழுந்தது அதில்தான்.

ஃபெயில் ஆனதும் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். பத்து மார்க் கேள்வி ஒன்று: ஐவனோவ்ஸ்கி, பெய்ஜரிங்க் இருவரின் பங்கை ஒப்பிட்டு விளக்குக. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை எழுதியிருந்தேன். இடது பக்கம் வருடம், நடுவில் பெயர், வலது பக்கம் கண்டுபிடிப்பு. 1796 ஜென்னரில் தொடங்கி 1983 எச்ஐவி வரை இருபத்திரண்டு வரி. ஒரு வருடம்கூடத் தப்பில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 2. ஐவனோவ்ஸ்கிக்கு நேரே "வைரஸைக் கண்டுபிடித்தார்", பெய்ஜரிங்குக்கு நேரே "வைரஸ் என்று பெயரிட்டார்". அந்த இரண்டு வரிக்குக் கீழே மட்டும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு.

இரண்டு நாள் திருத்தியவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா நகலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ எல்லாரையும் ஜெயிச்சவங்களாவே எழுதியிருக்கடி. அவங்க எங்க தப்பா நினைச்சாங்கன்னு எழுது. மார்க்கு அங்கதான் இருக்கு."

இந்தக் கட்டுரையில் உருப்படியான ஒரே வரி அதுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம்.

நான் அதோடு சேர்த்துக்கொண்டது வடிகட்டி. எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் வாட்டர் ஃபில்டர் உண்டு. அதற்குள் வெள்ளையாக இரண்டு கேண்டில். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவற்றைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பது என் வேலை. மேலே பழுப்பாகப் படிந்திருக்கும், தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துவரும். சேம்பர்லேண்ட் ஃபில்டரும் கிட்டத்தட்ட அதே சாதிதான். பாஸ்டரின் ஆய்வகத்தில் இருந்த சார்ல்ஸ் சேம்பர்லேண்ட் 1884-இல் செய்தது, மெருகு பூசாத பீங்கான் குழாய். பாக்டீரியா மேலேயே நின்றுவிடும், கீழே இறங்குவது சுத்தமான திரவம் என்பது அன்றைய நம்பிக்கை. முதல் யூனிட்டின் பாதிக் கதை அந்தக் கேண்டிலுக்குக் கீழே சொட்டிய திரவத்தில்தான் நடக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் நான் கேட்டுக்கொண்டது மூன்றே கேள்வி. வடிகட்டியில் என்ன நடந்தது? அதை அவர் என்னவென்று நினைத்தார்? அதில் எது தப்பு?

இன்னொரு விஷயமும் எனக்குச் சாதகம். எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். தாத்தா காலத்தில் புகையிலைதான் போட்டார்கள். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக விழுந்தால் "தேமல் விழுந்துருச்சு" என்பார் தாத்தா. டொபாக்கோ மொசைக் என்று கல்லூரியில் ஒரு வருடம் உருப்போட்டிருக்கிறேன். அது தாத்தாவின் தேமல்தான் என்று அரியர் விழுந்த பிறகுதான் உறைத்தது.

அந்த நோய்க்கு மொசைக் என்று பெயர் வைத்தவர் அடால்ஃப் மேயர். நெதர்லாந்தின் வாகனிங்கனில் இருந்தார், 1886-இல் கட்டுரை வெளியிட்டார். நோய்பட்ட இலையைப் பிழிந்து, சாற்றை நல்ல செடிக்குள் செலுத்தினால் பத்தில் ஒன்பது செடிக்கு நோய் வருகிறது என்று காட்டினார். இது தொற்றுதான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அவர் நினைத்தது: பாக்டீரியா. அது தப்பு.

அப்புறம் 1892, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், திமித்ரி ஐவனோவ்ஸ்கி. சாற்றைச் சேம்பர்லேண்ட் ஃபில்டரில் ஊற்றினார். கீழே இறங்கிய திரவமும் நோய் தந்தது. இங்கேதான் நான் "வைரஸைக் கண்டுபிடித்தார்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன். அவர் அப்படி நினைக்கவே இல்லை. பாக்டீரியா சுரந்த நச்சு இறங்கியிருக்கலாம், அல்லது மிகச் சிறிய பாக்டீரியாவே நுழைந்திருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொண்டார். கையில் கிடைத்தது புதுசு, கொடுத்த விளக்கம் பழசு.

1898, டெல்ஃப்ட், மார்ட்டினஸ் பெய்ஜரிங்க். ஐவனோவ்ஸ்கி செய்தது தெரியாமலேயே அதே வடிகட்டல். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை, மார்க் வாங்கித் தருவது அதற்குப் பிறகு வருகிற பகுதிதான். வடிகட்டிய சாற்றால் ஒரு செடிக்கு நோய் வரவைத்து, அதன் சாற்றை அடுத்த செடிக்கு, அதிலிருந்து அதற்கும் அடுத்ததற்கு என்று கொண்டுபோனார். வெறும் நச்சாக இருந்தால் செடிக்குச் செடி நீர்த்துப் போய் வீரியம் குறையவேண்டும், குறையவில்லை. அப்படியென்றால் அது பெருகுகிறது. சாற்றை அகார் (கிருமி வளர்க்கப் பயன்படும் ஜெல்லி) மேல் வைத்துப் பார்த்தார். பாக்டீரியாவென்றால் மேலேயே கிடக்கும், இது அகாருக்குள் ஊறி இறங்கியது. தனியாக விட்டால் பெருகவில்லை, பிரிந்து வளரும் செல்கள் இருக்கிற திசுவில்தான் பெருகியது. இதற்கு அவர் வைத்த பெயர் கன்டாஜியம் விவம் ஃப்ளூயிடம், அதாவது உயிருள்ள தொற்றுத் திரவம். வைரஸ் என்ற சொல்லையும் பயன்படுத்தினார். லத்தீனில் நஞ்சு என்று பொருள்படும் அந்தச் சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது, அவர் புதிதாக உண்டாக்கியதல்ல. "பெயரிட்டார்" என்ற என் வரிக்குக் கீழே கோடு விழுந்தது அதனால்தான்.

அவர் எங்கே தப்பு? திரவம் என்றதில். அதே 1898-இல் ஜெர்மனியில் லோஃப்லரும் ஃப்ராஷும் கோமாரி நோயில் இதே சோதனை செய்தார்கள். கேண்டிலில் இறங்கியது, இன்னும் நுண்ணிய துளையுள்ள ஃபில்டரில் நின்றுவிட்டது. எனவே இது திரவமல்ல, துகள் என்றார்கள். விலங்கு வைரஸ்களில் முதலில் தெரியவந்தது கோமாரி. இரண்டு மார்க் கேள்வியாக அடிக்கடி வருகிறது.

இரண்டாவது தடவை கிட்டத்தட்ட இதே கேள்வி வந்தது. இரண்டரைப் பக்கம், இரண்டு பெயர், நான்கு வருடம் மட்டும் எழுதினேன். எத்தனை மார்க் போட்டார்கள் என்று தெரியாது, இந்தத் தடவை நகலுக்குப் பணம் கட்டவில்லை.

மீதி வரலாற்றை வேகமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் வடிகட்டிதான்.

1901, கியூபா, வால்டர் ரீட் குழு: மஞ்சள் காய்ச்சல் நோயாளியின் சீரத்தை வடிகட்டித் தன்னார்வலருக்குச் செலுத்தினார்கள், நோய் வந்தது. மனித வைரஸ்களில் முதலாவது.

1911, பேட்டன் ரவுஸ்: கோழியின் கட்டியை அரைத்து வடிகட்டி, செல்லே இல்லாத திரவத்தை வேறு கோழிக்குப் போட்டார், கட்டி வந்தது. வைரஸால் புற்றுநோய் வரும் என்பதை ஏற்க உலகம் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. நோபல் 1966-இல். 55 வருடம் காத்திருந்த அந்த மனுஷரை நினைத்து என் ஆறு மாதத்துக்கு ஆறுதல் தேடிக்கொண்டேன்.

1915 ட்வார்ட், 1917 டி'ஹெரெல்: பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ், அதுவும் ஃபில்டரில் இறங்கியது. பாக்டீரியோஃபேஜ் என்ற பெயர் டி'ஹெரெல் வைத்தது.

1935, வெண்டல் ஸ்டான்லி: தேமல் வைரஸைப் படிகமாக்கினார். உயிருள்ள திரவம் என்று சொல்லப்பட்டது உப்புக்கல் போலப் படிந்தது, கரைத்து இலையில் தடவினால் மறுபடி நோய் தந்தது. அவர் தப்பு: முழுக்கப் புரதம் என்று நினைத்தார். அடுத்த ஓரிரு வருடத்தில் பாடனும் பிரியும் அதில் ஆர்என்ஏ இருப்பதைக் காட்டினார்கள், ஏறத்தாழ 6 சதவீதம். தொற்றுக்குக் காரணம் அந்த ஆறு சதவீதம்தான் என்பது 1956-இல்தான் உறுதியானது. ஸ்டான்லிக்கு வேதியியல் நோபல் 1946-இல் கிடைத்துவிட்டது.

1939-இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமானதும் இதே தேமல் வைரஸ்தான். 300 நானோமீட்டர் நீளம், 18 அகலம். படம் வரையும்போது இந்த விகிதத்தில் வரையுங்கள். நான் முதல் தடவை வரைந்தது பீப்பாய் மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் பிறகு மிமிவைரஸ். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு கூலிங் டவர் தண்ணீரிலிருந்த அமீபாவுக்குள் 1992-இல் கிடைத்தது. பாக்டீரியா என்று நினைத்து வைத்திருந்தார்கள். 2003-இல்தான் வைரஸ் என்று தெரிந்தது. உடல் அவ்வளவு பெரிசு, பாக்டீரியாவை நிறுத்துகிற வடிகட்டி இதையும் நிறுத்திவிடும். "வடிகட்டியில் இறங்குவது வைரஸ்" என்ற வரையறையே இங்கே உடைகிறது. பொதுப் பண்புகள் கேள்வியின் கடைசிப் பத்தியில் இதைப் போட்டேன்.

வகைப்பாட்டில் பால்டிமோர் முறை, மரபுப்பொருளையும் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பு) உண்டாகும் வழியையும் வைத்து வைரஸ்களைப் பிரிப்பது. ஏழு குரூப்பை நெட்டுரு போட எனக்கு வராது. எங்கே கிளம்பினாலும் போய்ச் சேர வேண்டிய ஊர் எம்ஆர்என்ஏ என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் ரைபோசோம் (புரதம் செய்யும் இயந்திரம்) செல்லுடையது, அதற்குப் புரிவது எம்ஆர்என்ஏ மட்டும்தான். போலியோ, டெங்கு, கொரோனா பாசிட்டிவ் ஸ்ட்ராண்ட் (ஆர்என்ஏ நேராக எம்ஆர்என்ஏவாகவே வேலை செய்யும்): ஏற்கெனவே ஊரில்தான் இருக்கிறார்கள். ரேபிஸ், தட்டம்மை, இன்ஃபுளுயன்சா நெகட்டிவ் ஸ்ட்ராண்ட் (எம்ஆர்என்ஏவுக்கு எதிர் இழை): வண்டி மாற்ற வேண்டும், செல்லில் அந்த வண்டி கிடையாது, பாலிமரேஸை (ஆர்என்ஏவைப் பிரதி எடுக்கும் நொதி) கையோடு கொண்டுவர வேண்டும். எச்ஐவி டிஎன்ஏ வழியாகச் சுற்றிப் போகிறது, அதற்கான நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைப் பையில் வைத்திருக்கிறது. "நெகட்டிவ் ஸ்ட்ராண்ட் வைரஸின் ஆர்என்ஏவை மட்டும் செல்லுக்குள் செலுத்தினால் ஏன் தொற்று வராது?" என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

ஒற்றை இழை டிஎன்ஏவான இரண்டாம் குரூப்புக்கு எல்லோரும் பார்வோ வைரஸை எழுதுவார்கள். நான் உளுந்து மஞ்சள் தேமல் வைரஸையும் சேர்த்தேன். ஜெமினி வகை, இரண்டு ஐகோசஹெட்ரான் (இருபது முக்கோண முகம் கொண்ட வடிவம்) ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி இருக்கும், வெள்ளை ஈ பரப்பும். இப்போது அப்பா போடுவது உளுந்து, அதனால் எனக்கு இது மறக்காது.

ஐகோசஹெட்ரானைப் புத்தகத்தில் பார்த்துப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இருபது சமபக்க முக்கோணம் வெட்டி ஒட்டினேன். ஒரு முக்கோணத்தில் மணமகனின் எம்.காம். பட்டம், இன்னொன்றில் பாதிப் பிள்ளையார். முனையைப் பிடித்துத் திருப்பினால் ஐந்து மடங்குச் சமச்சீர், முகத்தின் நடுவில் மூன்று, விளிம்பின் நடுவில் இரண்டு. 20 முகம், 12 முனை, 30 விளிம்பு. கையால் எண்ணினால் மறக்காது.

மற்றவை, வரிசை இல்லாமல்:

- காப்சோமியர் (வைரஸின் புரத உறையைக் கட்டும் அலகு) எண்ணிக்கை 10T + 2, T என்பது உறையின் முக்கோண எண். அடினோவுக்கு T 25, ஆகவே 252. ஹெர்பிஸுக்கு T 16, ஆகவே 162.
- பிளாக் அஸே (வைரஸ் செல்களை அழித்து உண்டாக்கும் வட்டங்களை எண்ணி வைரஸ் அளவை அறியும் சோதனை) கணக்கில் எத்தனை மில்லி ஊற்றினோம் என்பதால் வகுக்க மறக்காதீர்கள். 42 பிளாக், 10-இன் அடுக்கு −6 நீர்ப்பு, 0.1 மில்லி: விடை மில்லிக்கு 4.2 × 10-இன் அடுக்கு 8. அந்த 0.1-ஐ விட்டு ஐந்து மார்க் போனது எனக்கு.
- ஹெர்ஷி–சேஸ் 1952 (மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று காட்டிய சோதனை): கந்தகம் புரதத்தில், பாஸ்பரஸ் டிஎன்ஏவில். மாற்றி எழுதினால் மொத்தமும் போச்சு.
- வைரஸைவிட எளிய தொற்றுப் பொருள்கள்: வைராய்டு (டீனர், 1971) என்றால் ஆர்என்ஏ மட்டும், பிரையான் (புரூசினர், 1982) என்றால் புரதம் மட்டும்.
- இந்திய வரலாறு கேட்டால்: குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907, புனே வைரஸ் ஆராய்ச்சி மையம் 1952, க்யாசனூர் காட்டு நோய் 1957, எச்ஐவியைச் சென்னையில் முதலில் இனங்கண்டது 1986, சுனிதி சாலமன் குழு.
- குரூப் ஸ்டடி வேண்டாம். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நாலு பேர் உட்கார்ந்தால் நாலாவது நிமிஷம் யார் கல்யாணம் என்று பேச்சு போய்விடும்.
- விடியற்காலையில் எழுந்து படி என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் எனக்கு மண்டைக்குள் ஏறும்.

ரிசல்ட் அன்று சாயங்காலம் அப்பாவுக்கு போன் போட்டேன்.

"பாசாயிட்டியா பாப்பா? நல்லது. நம்ம உளுந்துல தேமல் விழுந்துருக்கு. அதுக்கு மருந்து இருக்கான்னு உன் புத்தகத்துல போட்டுருக்கா?"

"செடி வைரஸுக்கு மருந்து இல்லப்பா. வெள்ளை ஈயத்தான் புடிக்கணும், மஞ்சள் அட்டை வைங்க. தேமல் விழுந்த செடிய இப்பவே பிடுங்கிடுங்க."

"பிடுங்கிப் போடுன்னுதான் உங்க தாத்தாவும் சொல்லுவாரு. இதுக்கா ரெண்டு தடவ பரீட்சை எழுதுன?"